திங்கட்கிழமைப் பத்து நிமிடம்

எனக்குப் பேசப் பிடிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடமாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். திங்கட்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதை நான் பெரிதுபடுத்தியதில்லை.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை, குடித்துவிட்டு மாத்திரை போடக் கூடாது என்று பேசினேன். நன்றாகத் தயாரித்திருந்தேன். மது உள்ளே இருந்தால் சில மருந்துகள் ரத்தத்தில் வேகமாக ஏறும். கல்லீரல் மதுவைக் கவனித்துக்கொண்டிருப்பதால் மருந்து வெளியேறத் தாமதமாகும். தூக்கம் தரும் மாத்திரை என்றால் இரண்டும் சேர்ந்து ஆளை அமுக்கிவிடும். பிரஸ் ஓட்டும் ஜெகதீசன் கையைத் தூக்கினார்.

"கிறிஸ்துராஜ் அண்ணாத்தே, மாத்திரையும் உள்ள போவுது, சரக்கும் உள்ள போவுது. அதுங்க பேசி முடிச்சிக்கும். நடுவுல நீ இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு கேன்டீனில் நான் தட்டை எடுக்கும்போதெல்லாம் யாராவது அதைச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை மதியம் அவரே என் அறைக்கு வந்தார். கைகள் தடித்துச் சிவந்திருந்தன, அரிப்பு. வாயில் சரக்கு வாசனை. முதலுதவிப் பெட்டியில் அலர்ஜிக்கு இரண்டு வகை மாத்திரைகள் இருந்தன. ஒன்று தூக்கம் தராது. நான் மற்றதை எடுத்தேன். அவருக்குக் கேடு நினைக்கவில்லை. ஒருவருக்காவது நடந்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள் என்று தோன்றியது.

"கொஞ்சூண்டு போட்டுகினு கீறேன். ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது. முழுங்கிட்டுப் போய் வேலையப் பாரு" என்றேன்.

பிறகு அறைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் அவர் தலை தொங்கியது. நிமிர்ந்தார். மறுபடி தொங்கியது. பிரஸ்ஸை நிறுத்தும் மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

வலது கையில் நான்கு விரல்கள் பிரஸ்ஸில் போயின. ஆம்புலன்ஸில் அந்தக் கையை உயர்த்திப் பிடித்தபடி போனவன் நான்தான். குடித்திருந்தார் என்று அறிக்கையில் எழுதினேன். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அவருக்கு வேலை போயிற்று. எந்த மாத்திரை கொடுத்தேன் என்பதையும் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத்தானே என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். மறைக்கும் பழக்கம் எனக்கில்லை.

அயனம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மனைவி கோமளா நன்றி சொல்லி அழுதார். ஜெகதீசன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் சிரிச்சேன்" என்றார். என்னிடம் கேட்டதும் நான் சொன்ன பதிலும் அவர் நினைவில் இல்லை. நான் நினைவுபடுத்தவில்லை.

இப்போது நான் பேசும்போது பட்டறையே அமைதியாக இருக்கிறது. புது ஆட்கள் சேரும்போது ஜெகதீசனை வரவழைக்கிறேன். என் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். விரல்கள் இருந்த காலத்தில் அவரை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.