முதல் பலகையில் கவ்ரிலோவின் பெயர்

காலை ஆறே முக்கால். சனிக்கிழமை. தீசா ஆற்றின் கரைமேட்டுச் சாலை... இன்றைக்குச் சாயங்காலம் நாம் வந்தோமே, அதே சாலைதான். நவம்பர் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்தப் பனிக்குள் ஒரு பழைய வேன் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து பேர். எதிரே ஒரு வண்டி இல்லை, நாய்கூட இல்லை.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். நெவேனா, சிரிப்பை அப்புறம் வைத்துக்கொள், முதலில் அந்த ஜன்னலைச் சாத்து. இருக்கிறது ஒரே மெழுகுவர்த்தி. அதுவும் அணைந்தால் இந்த விடுதிக்காரனை எழுப்பி விளக்கு கேட்க என்னால் ஆகாது.

வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் போரிவோய். என் மாமனாருடைய தம்பி. இந்த ஊர் செஸ் கிளப்புக்குக் கேப்டன்... ஆமாம், நாளைக்கு நாம் மோதப் போகிறோமே, அதே கிளப். அதே கேப்டன்.

நாற்பது நாளுக்கு முன்னால் அவருடைய நண்பர் கவ்ரிலோ செத்துப்போயிருந்தார். தீயணைப்பு நிலையத்து மாடியில்தான் கிளப் அறை. அந்தப் படியில் ஏறும்போதே சரிந்து விழுந்தார், அவ்வளவுதான். நாற்பத்தொரு வருஷம்... அணியிலேயே கெட்டிக்காரர் என்று கவ்ரிலோ முதல் பலகை, அடுத்தவர் போரிவோய் இரண்டாம் பலகை. ஊர் ஊராகப் போய்த் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து விளையாடியவர்கள். சண்டை போடாத வாரம் கிடையாது. கவ்ரிலோ எந்த ஆட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. கடிகாரம் ஐம்பது நிமிஷம் ஓடின பிறகு சாவகாசமாக வருவார். வந்ததும் தன் இரண்டு குதிரைகளையும் முகம் தன்னைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைப்பார். பைக்குள்ளிருந்து வறுத்த பூசணி விதையை எடுத்து, கடுக்... கடுக்... என்று கடிக்க ஆரம்பிப்பார்.

"ஏன்டா குதிரைக்கு மூஞ்சியைத் திருப்புற?" என்று கேட்டால், "என் மூஞ்சியைப் பாத்தாவது அதுங்களுக்குத் தைரியம் வரட்டும்டா" என்பார்.

அவரைப் புதைத்த அன்றைக்குப் போரிவோய் அழவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அவர் மனதில் ஓடியது என்ன தெரியுமா? இனிமேல் முதல் பலகைக்கு யார்? அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, உள்ளே அந்த மாதிரி இருந்ததாம். அவரே சொன்னார். கிள்ளினால்கூட வலித்திருக்காது என்றார்.

அந்த மூடுபனிச் சனிக்கிழமை லீக்கின் கடைசிச் சுற்று. ஆறு பலகை. மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தால்கூடப் போதும், தப்பித்துவிடுவார்கள். தோற்றால் லீக்கை விட்டுக் கீழே. கீழே போனால் மாடி அறையைக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சி எழுதியே கொடுத்திருந்தது. போரிவோய்க்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அந்த அறைதான் வீடு. கவ்ரிலோவின் பழுப்புக் கோட்டு அப்போதும் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொடுமை என்னவென்றால், அதே சனிக்கிழமைதான் நாற்பதாம் நாள். அதுவரைக்கும் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிற செத்தவனின் ஆவியை, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, வேகவைத்த கோதுமை வைத்து, ஒயின் ஊற்றி, போய்வா என்று வழியனுப்புகிற நாள். காலை பத்து மணிக்கு. ஆட்டமும் பத்து மணிக்கு.

கவ்ரிலோவின் மனைவி விதோசாவா முந்தின நாளே வந்து சொல்லியிருந்தாள். "அண்ணே, வேற யாரு வராட்டியும் பரவால்ல. நீங்க வந்துருங்க. உங்க குரலைக் கேட்டாத்தான் அவரு கிளம்புவாரு."

"பாக்குறேம்மா" என்றார் போரிவோய். அறை போய்விடுமே... அது ஒன்றுதான் அவர் தலைக்குள் இருந்தது.

கரைமேட்டுச் சாலை கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். வேன் விளக்கு வெளிச்சத்தில் கதவோரம் விதோசாவா மங்கலாகத் தெரிந்தாள், கையில் மூடின பாத்திரத்தோடு. மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள், பாவம். போரிவோய் சீட்டில் கொஞ்சம் கீழே சரிந்துகொண்டார்.

"நிறுத்தட்டுமா?" என்றான் வேன் ஓட்டிய ஓக்னென். அவன் ஆறாம் பலகை.

"வேணாம். போ."

வேன் போயிற்று. பின்கதவு ஒரு தடவை திறந்து மூடினது போலத் தடக் என்றது. பழைய வண்டி... யாரும் கண்டுகொள்ளவில்லை.

பாதி வழியில் ஒரு ரொட்டிக்கடை. போரிவோய் இறங்கிப்போய், சீஸ் வைத்த பூரெக் ஐந்து கேட்டார். கடைக்காரி கண்ணாடி வழியாக வேனை எட்டிப் பார்த்துவிட்டு ஆறு கட்டினாள். "பின்னாடி ஒருத்தரு கோட்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரை விட்டுட்டீங்க" என்றாள். போரிவோய் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் காய்கள் வைத்த பெட்டிதான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆறாவதை யாரும் தின்னவில்லை. ஆனால் காகிதம் மட்டும்தான் கடைசியில் மிஞ்சியது.

எதிராளி ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். மேஜையில் பலகைகள், சாவி கொடுக்கிற பழைய கடிகாரங்கள். பெயர்ப் பட்டியலை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் போரிவோய் அந்தக் காரியத்தைச் செய்தார்.

உங்களுக்குத் தெரிந்த தந்திரம்தான். முதல் பலகைக்காரன் இல்லை என்று ஒத்துக்கொண்டால் எல்லாரும் ஒரு படி மேலே ஏறியாக வேண்டும். இரண்டாவது ஆள் எதிரியின் முதல் ஆளிடம் மாட்டுவான், மூன்றாவது இரண்டாவதிடம்... வரிசையாக அடி. அதற்குப் பதில், வராதவன் பெயரையே மேலே எழுதிவிட்டால்? நாற்காலி காலியாகக் கிடக்கும், ஒரு பாயிண்ட் போகும். ஆனால் மற்ற ஐந்து பேரும் அவரவர் இடத்தில் விளையாடலாம். காய்ச்சல்காரன், கல்யாணத்துக்குப் போனவன், ஜெர்மனியில் வேலை பார்க்கிறவன் என்று எந்தக் கேப்டன் எழுதாமல் இருந்திருக்கிறான்?

செத்தவன் பெயரை மட்டும் அதுவரை யாரும் எழுதினதில்லை.

மூன்றாம் பலகை தெசாங்கா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள். "போரா, வேணாம்ப்பா. இன்னிக்கு நாப்பது. இன்னிக்குப் போயா அந்தப் பேரை எழுதுற?"

"வெறும் காகிதம் தெசாங்கா."

"செத்தவனைக் கூப்பிடுறதுன்னா வேற எப்படியாம்?"

"யாரு வந்து உக்காரப் போறா? ஒரு மணி நேரம் கடிகாரம் ஓடும். பாயிண்ட் போகும். முடிஞ்சுது." எழுதினார். முதல் பலகை, கவ்ரிலோ.

பத்து மணி. கவ்ரிலோவுக்கு வெள்ளைக் காய். நடுவர் வந்து காலி நாற்காலிக்கான கடிகாரத்தை அழுத்தினார். டிக்... டிக்... டிக். எதிரே உட்கார்ந்திருந்தவர் தனாசியே என்கிற பெரியவர், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். அந்தக் கிளப்புக்குப் புதுசு. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் கவ்ரிலோவைத் தெரியாது, நடுவருக்கும் தெரியாது.

போரிவோய் பக்கத்துப் பலகையில் குனிந்துகொண்டார். ஆட்டம் மோசமாகத்தான் போயிற்று. தலையே நிமிரவில்லை.

பத்து ஐம்பதுக்கு... டக்.

கடிகாரத்தை அழுத்துகிற சத்தம். முதல் பலகையில்.

போரிவோய் ஓரக்கண்ணால் பார்த்தார். நாற்காலி காலி. ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருந்த சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி நின்றது. கவ்ரிலோ நாற்பத்தொரு வருஷமாக ஆடுகிற முதல் ஆட்டம் அதுதான். வெள்ளைக் குதிரை இரண்டும் முகம் திரும்பியிருந்தன.

தனாசியே தலையசைத்துவிட்டு, அமைதியாகத் தன் காயை நகர்த்தினார். எழுதிக்கொண்டார். பெரிசுக்குப் பொழுது போகவில்லை, இரண்டு பக்கமும் தானே ஆடுகிறது என்று போரிவோய் நினைத்துக்கொண்டார். வேறு எப்படி நினைப்பது? பதினொரு மணி ஆயிற்று. நடுவர் வந்து பாயிண்டை எழுத வேண்டிய நேரம். வந்தார். எழுதவில்லை. இரண்டு கோப்பை டீயைக் கொண்டுவந்தார். ஒன்றைத் தனாசியேவுக்கு வைத்தார். இன்னொன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் வாசனை. சாம்பிராணி. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஏது சாம்பிராணி? கூடவே ஈர மண்... அணைந்த திரி...

கடுக்.

போரிவோய் திரும்பவில்லை.

கடுக்... கடுக்.

தெசாங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கும் நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. வேனில் வந்த ஐந்து பேருக்கும் அப்படித்தான். போரிவோய்க்குப் பயம்கூட வரவில்லையாம். கன்னம் இன்னும் மரத்தே இருந்தது. ஒன்று மட்டும் உள்ளே ஓடிற்று. லேட்டாத்தான் வருவியா, இதுக்கும் லேட்டாத்தான் வருவியா...

ஒன்றரை மணிக்கு மற்ற ஐந்து ஆட்டமும் முடிந்தன. தெசாங்கா ஜெயித்தாள், ஓக்னென் ஜெயித்தான், ஒன்று டிரா. போரிவோய் தோற்றார், இன்னொருவரும் தோற்றார். இரண்டரைக்கு இரண்டரை. முதல் பலகை மட்டும் பாக்கி. அங்கே அரைப் பாயிண்ட் கிடைத்தால் அறை நிற்கும்.

தனாசியே தலையைத் தூக்கினார். "கேப்டன், நான் டிரா கேட்டிருக்கேன். உங்க ஆளு உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்வேங்கிறாரு."

நாற்பத்தொரு வருஷத்தில் கவ்ரிலோ யாரையும் கேட்டு எதையும் செய்ததில்லை. அன்றைக்குக் கேட்டார்.

போரிவோய் எழுந்து காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேஜை மேல் ஈரமாக விதைத் தோல் ஒரு குவியல். சரி என்று சொன்னால் அறை மிஞ்சும். ஆனால் ஆட்டம் முடியும், இவன் எழுந்து போய்விடுவான். ஆடுடா, சாயங்காலம் வரைக்கும் ஆடிக்கிட்டே இருடா என்று சொல்லத்தான் வாய் வந்ததாம். கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்துக்கோடா" என்றார்.

தனாசியே மேஜைக்கு மேலே கையை நீட்டினார். வெறும் காற்றைப் பிடித்துக் குலுக்கினார். டிரா என்பதற்கு அடையாளமாக இரண்டு ராஜாக்களும் பலகை நடுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெள்ளைக் காய்க்கான ஆட்டத் தாளில் கையெழுத்து இருந்தது. இடது பக்கம் சாய்ந்த எழுத்து. கவ்ரிலோவுடையது.

நடைவழிக்குக் கோட்டை எடுக்கப் போனபோது தனாசியே போரிவோயைப் பிடித்துக்கொண்டார். "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா?"

"ஏன்?"

"மூணு மணி நேரமா அந்த மனுசன் உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு. பலகையைக்கூடச் சரியாப் பாக்கல, பாக்காமலே ஆடுனாரு. ஒரு தடவை நீங்க திரும்பி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

போரிவோய் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எப்பப் போனான்?"

"போனாரா?" தனாசியே குழம்பிப்போய்ப் பார்த்தார். "உங்க பின்னாடிதானே நிக்கிறாரு."

திரும்பினார். நடைவழி. அவர்கள் கிளப்புக்கான கொக்கிகளில் ஆறு கோட்டு. ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஆறாவது பழுப்பு... அவர் எண்ணி முடிப்பதற்குள் ஐந்துதான் இருந்தன.

திரும்புகிற வழியில் கல்லறைத் தோட்டத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். இருட்டிக்கொண்டு வந்தது. விதோசாவா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"மெழுகுவத்தி ஒண்ணுகூட நிக்கல அண்ணே. காத்தே இல்ல. பாதிரியாரு மூணு தடவை ஏத்திப் பாத்துட்டாரு. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு எங்கண்ணே போனாரு?"

ஒரு கரண்டிக் கோதுமை கொடுத்தாள். போரிவோய் தின்றார். சர்க்கரை போட்டிருந்தாள், அவருக்கு இனிக்கவில்லை.

அறை மிஞ்சியது. ஆறு வருஷமாகிறது. வழியனுப்ப வேண்டிய நாளில் வேறு இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் செத்தவன் எங்கே போவான்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போரிவோய் அந்தப் பெயரை முதலில் எழுதுகிறார். ஐம்பது நிமிஷம் கழித்து, டக். போக வேண்டியவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான். ஆனால் அவருக்கு நண்பன் ஒரு நாளும் கண்ணில் படவில்லை, நெவேனா. ஒரே ஒரு நாள்கூட. அதனால் ஆட்டம் முடிந்ததும் எதிரே விளையாடியவரிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்பார். "என்னைப் பாத்தானா?"

பார்த்தார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது போதும் அவருக்கு, அறைக்குப் போய்த் தூங்குவார்.

நாளைக்கு நம் முதல் பலகை நீதான். உனக்குக் கறுப்பு. அவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு. கவ்ரிலோ எதைப் பார்த்திருந்தாலும் ஆமாம் என்றே சொல். மூன்று வாரம் முன்னால் வந்த வாத்தியார் ஒருத்தர், விஷயம் தெரியாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் சின்ன மாமனார் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"இல்லீங்க" என்றாராம் அந்த வாத்தியார். "உங்களைப் பாக்கவே இல்ல. ஆட்டம் பூரா உங்க கடிகாரத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு, உங்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம்னு எண்ணுற மாதிரி."