சொட்டு ஈரமில்லாத காற்று

— அண்ணே, தலைவலி உயிர் போகுது. ஒரு டீ போட்டுத் தாங்களேன்.

— ஆய்வுக்கூடத்துலயா? அய்யோ மேடம்... இங்க கெட்டிலே இருக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?

— அது அப்ப. கெட்டில் நானே கொண்டு வந்திருக்கேன், பாருங்க.

— புதுசு மாதிரி இருக்கு! கேன்டீன்ல வாங்கிட்டு வரேனே...

— வேணாம், வேணாம்! இங்கயே போடுங்க. உங்க பழைய இடத்துல.

— எது, பம்ப் காத்து இழுக்குற குழாய் பக்கத்துலயா? தலைவலி போக இடம்கூட பாக்கணுமா?

— கிண்டல் பண்ணாதீங்க. பம்ப் அனுப்புற காத்துலேருந்து வாயுவைப் பிரிக்கிற சவ்வு மூணு வாரமா படுத்துது. கார்பன் டை ஆக்சைடு உள்ள நுழையவே மாட்டேங்குது.

— அப்பிடியா? உங்க கட்டுரையில பிச்சுக்கிட்டுப் போச்சே!

— போச்சு...

— நான் சிலிண்டர் மாத்துற ஆளு, எனக்கென்ன தெரியும்? ஆனா சவ்வுல ஊறியிருக்குற உப்புத் திரவம் தேன் மாதிரி கெட்டி. லேசா ஆவி பட்டா இளகும், வாயு சர்ருனு போகும். நீங்க என்ன எழுதினீங்க? “சொட்டு ஈரமில்லாத காற்று”ன்னு...

— மெதுவா பேசுங்க!

— ஏன், சவ்வு காதுல விழுந்துடுமா?

— நாளைக்கு சவ்வைப் பாத்து வாங்க ஆலைக்காரங்க வராங்க அண்ணே. கட்டுரையில போட்ட அளவு வரலைன்னா என் வேலை போயிடும்.

— கெட்டில்தான் கையில இருக்கே.

— நேத்து வெச்சுப் பாத்தேன். ஆவி அதிகமாகி, திரவத்தையெல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு. எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம்... உங்களுக்குத்தான் தெரியும்.

— கட்டுரைக் கடைசியில பன்னெண்டு பேருக்கு நன்றி சொல்லியிருந்தீங்க. பம்ப் வித்தவர் பேருகூட இருந்துச்சு. நான் ரெண்டு தடவை தேடிப் பாத்தேன் மேடம்.

— அடுத்ததுல உங்க பேர்தான் முதல்ல. சத்தியமா!

— அடேயப்பா... டீ போடுறவனுக்கு வந்த வாழ்வு!

— கெட்டில்தான் காரணம்னு எனக்கு அப்பவே தெரியும், போதுமா? தெரிஞ்சேதான் மறைச்சேன். வேற யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னுதான் அதைத் தூக்கச் சொன்னேன். இப்பவாவது அந்தக் கணக்கைச் சொல்லுங்க அண்ணே...

— எல்லாம் தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன்.

— எங்க அந்த நோட்டு?

— போன வாரமே ஆலைக்காரங்க கைக்குப் போயிடுச்சு மேடம். நாளைக்கு அவங்க வர்றது... உங்க சவ்வைப் பாக்க இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போக.