கோடை முடிவு இதழில் பிழை இல்லை

அன்று ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, என் மகள், அவள் கணவரான மாப்பிள்ளை, பக்கங்களை வடிவமைக்கும் பெண். அந்தப் பெண்ணை நாங்கள் 'கோடு' என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோட்டைப் போட்டுப் பிரித்துவிடுவாள். வெயில் தணியத் தொடங்கியிருந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். காற்று நன்றாக வந்தது. உங்கள் அறைக்கும் ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம்.

கோடை முடிவு இதழ் எங்கள் பத்திரிகையின் செல்லப் பிள்ளை. விடுமுறை தீரப்போகிறது, கையில் மிச்சமிருக்கும் சில நாட்களை என்ன செய்வது என்று தவிக்கும் வாசகருக்கு நாங்கள் வழி சொல்வோம். படிக்கத் தொழில்நுட்பப் புத்தகங்கள், பார்க்க ஒரு கண்காட்சி, போய்வர ஓர் இடம், உடுத்த நாலு உருப்படி. என் அப்பா தொடங்கிய வழக்கம் இது. அவர் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் கைபடாத எதையும் வாசகருக்குச் சொல்லக் கூடாது. செருப்பு என்றால் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். இடம் என்றால் போய் வியர்த்திருக்க வேண்டும். அதனால்தான் எங்கள் பத்திரிகையில் இன்றுவரை ஒரு திருத்தம்கூட வெளியானதில்லை. மற்றப் பத்திரிகைகளில் 'பிழைக்கு வருந்துகிறோம்' என்று மூலையில் ஒரு கட்டம் வருமே, அதைப் பார்த்தால் சட்டைப் பொத்தான் போடாமல் வாசலுக்கு வந்து நிற்கும் ஆளைப் பார்த்தது போல இருக்கும் எனக்கு.

தொழில்நுட்பப் புத்தகங்கள் என் தம்பியின் பொறுப்பு.

"அண்ணே, இந்த வருஷம் நாலு புத்தகம். மூணு, மிஷின் நம்மளைக் காப்பாத்தும்னு சொல்லுது. ஒண்ணு கவுத்துடும்னு சொல்லுது."

"நீ எதை நம்பற?"

"அட்டை நல்லா இருக்கறதை."

"உங்க போன்ல எழுத்தைப் பெருசாக்கவே நான்தான் வரணும். நீங்க மிஷினைப் பத்தி எழுதறீங்களே சித்தப்பா" என்றாள் மகள். அவளுக்கு உடைப் பக்கங்கள். அந்த வருடம் ஒரு வைக்கோல் தொப்பியையும், நீள வார் வைத்த ஒரு கேன்வாஸ் பையையும் தேர்ந்தெடுத்திருந்தாள். இரண்டும் அருமையான தேர்வு. பிறகு சொல்கிறேன்.

மாப்பிள்ளை பயணப் பக்கம் எழுதினார். கடலோரப் பாறைச் சரிவில் இறங்கும் ஒரு படிப்பாதை. கீழே சின்னதாய் ஒரு மணல் திட்டு. கூட்டம் கிடையாது, பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று அழகாக எழுதியிருந்தார்.

"நேர்ல போனீங்களா மாப்பிள்ளை?"

"போகாம எழுதுவேனா மாமா?"

அதற்கு மேல் கேட்பது மரியாதையல்ல. இதழ் அச்சுக்குப் போனது.

இதழ்க் கட்டுகள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் கோடு வந்து நின்றாள். விடுமுறை நாளில் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போயிருக்கிறாள்.

"சார், பாதையை மூடி வெச்சிருக்காங்க சார். கயிறு கட்டி போர்டு மாட்டியிருக்கு. மழையில நடுப்படிக்கு அடியில மண்ணு அரிச்சுப் போச்சாம். மேலேர்ந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலை. கால் வெச்சா அப்படியே போயிடுமாம்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். யாரோ எடுத்த படங்களை வைத்து எழுதியிருக்கிறார்.

"தப்புதான் மாமா. குழந்தைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, போக முடியலை. ஒரு திருத்தம் போட்டுடலாம். என் பேரையே போட்டுடுங்க."

"சின்னதா ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு உள்ள வெச்சுடலாம்பா. யார் கவனிக்கப் போறாங்க" என்றாள் மகள்.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றால் எதற்கு வைப்பது? அதோடு, அவர் பேர் என்று தனியாக ஒன்று ஏது? என் மகளைக் கட்டியவர். அவர் தலை குனிந்தால் என் அப்பாவின் தலை குனியும். "நான் பார்த்துக்கறேன், கட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை தொப்பியைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். படிக்கத் தம்பியின் அடுக்கிலிருந்து ஒரு புத்தகம். வரைபடம் வரையும் இயந்திரங்களைப் பற்றியது, நல்ல நடை. வரைபடமும் தெருவும் ஒத்துப்போகாவிட்டால் உடனே ஆள் அனுப்பி வரைபடத்தைத் திருத்துவார்களாம். எப்போதும் வரைபடத்தையே ஏன் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இடம் அழகுதான். மாப்பிள்ளை மிகைப்படுத்தவில்லை. போர்டு நான்கு திருகாணிகளில் நின்றது. என் சாவிக்கொத்தில் ஒரு மடக்குக் கத்தி உண்டு. கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டினேன். இரண்டும் பைக்குள் அடங்கின. வார் தோளை உறுத்தவேயில்லை. அந்தப் பையை நீங்கள் தாராளமாக வாங்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன். "விசாரிச்சேன். பாதை திறந்திருக்கு" என்றேன்.

"என் கண்ணால பார்த்தேனே சார்" என்றாள் கோடு.

"நீ அன்னிக்குப் பார்த்த. நான் இன்னிக்குப் பார்த்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணன் போய் நின்னா பாறையே வழிவிடும்மா" என்றான். மறுநாள் கட்டுகள் கடைகளுக்குப் போயின.

மாப்பிள்ளை நல்ல மனிதர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போகாத இடத்தைப் பற்றி எழுதியது அவரைக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. இதழ் கடைக்கு வந்த அன்று யாரிடமும் சொல்லாமல் அங்கே போய்விட்டார். அங்கிருந்துதான் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மாமா, நீங்க சொன்னது சரிதான். போர்டும் இல்லை, கயிறும் இல்லை. நான்தான் வீணா பயந்துட்டேன். இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன் மாமா. தாத்தா வெச்ச விதிய நாம மீறினதா இருக்கக் கூடாது."

வேண்டாம் என்று நான் ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார். போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மாமனார் மாப்பிள்ளையிடம் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு ஒரே பந்தியில் உட்காருவது? மேலும், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த இதழில் கைபடாமல் இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கும் மாப்பிள்ளை. தொப்பியைப் போட்டுக்குங்க" என்றேன்.

போட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். அது சரிவில் ஒரு புதரில் சிக்கியிருந்ததாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். விளிம்புகூட மடங்கவில்லையாம். நல்ல தயாரிப்பு.

போர்டைப் பழைய இதழ்கள் வைக்கும் அறையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். கருமாதி முடிந்த வாரம் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது?"

"போர்டு."

அவள் அழவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். தவறென்று பட்டதை விடமாட்டாள். எங்கள் ரத்தம். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த போர்டை மறுபடி மாட்டிவிட்டீர்களாமே. அவசரம். இதழ் விற்று முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் பத்திரிகை தவறான தகவல் கொடுத்ததால்தான் அவர் இறந்தார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். பாதை திறந்திருக்கும் என்று எழுதியிருந்தோம். இதழ் கடைக்கு வந்த காலையில் அது திறந்துதான் இருந்தது. என் கையால் திறந்து வைத்தேன்.