மூணாவது முளையில இருபத்தாறு எம்எம்

ஒரு ஊர்ல ஒரு மேடும் ஒரு பள்ளமும் பக்கத்துப் பக்கத்துல குடியிருந்துச்சாம், ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம், தண்ணிதான் நடுவுல தூது போகுமாம்... எங்க தாத்தா எந்தக் கதையையும் இப்படித்தான் மேடம் ஆரம்பிப்பாரு. போர்டுல ரிசல்ட்டைப் பாத்துட்டு, மேடு பள்ளம் அளந்து லெவல் எடுக்கறதுல பசங்க கில்லாடிங்க போலன்னு சொன்னீங்க பாருங்க, சட்டுனு அவரு ஞாபகம் வந்துடுச்சு. உக்காருங்க. இண்டர்வியூ பத்து மணிக்குத்தானே? ஆள் எடுக்க வர்ற கம்பெனிக்காரங்க எல்லாம் நேரா ஏசி ரூமுக்குத்தான் போவாங்க. இந்தக் கருவி ரூமுக்குள்ள தலையை நீட்டின மொத ஆளு நீங்கதான்.

நானா? இன்ஜினியர் எல்லாம் இல்ல மேடம். இந்த ரூமைப் பாத்துக்கறவன். மெஷினைத் தொடைக்கறது, அதைத் தாங்கற முக்காலியை எண்ணி வைக்கறது, சர்வே கேம்ப் வந்தா கம்பு பிடிக்கறது. அதோ சாஞ்சிருக்கு பாருங்க, கோடு கோடா நம்பர் போட்டது. பசங்க நூறடி தள்ளி நின்னு மெஷின் வழியா அதைப் படிப்பாங்க. படிச்சது ஆறு டீம், பிடிச்சது நான் ஒருத்தன்.

உங்களுக்குத் தெரியாததா? தரையில அடிச்ச முளை ஒவ்வொண்ணு மேலயும் கம்பை வச்சுப் படிச்சுக்கிட்டே, கெளம்பின இடத்துக்கே சுத்தி வந்து சேரணும். ஏறினது எறங்கினது எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்லாம போகணும். பேப்பர்ல போகும், மண்ணுல போகுமா? வெயில்ல கண்ணு கூசும், முக்காலி ஒரு நூல் எறங்கும், ரெண்டு மூணு எம்எம் இடிக்கத்தான் செய்யும். ஆனா போர்டைப் பாருங்க. ஆறு டீமுக்கும் பிழை சைபர். முட்டை அடுக்கி வச்ச மாதிரி.

ஆமா, கீழ சிவப்பு மையில ஒத்தை வரி இருக்கே, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பிழை இருபத்தாறு எம்எம். அது ஒரு பொண்ணோட கணக்கு. அவளை இங்க ரப்பர்னுதான் கூப்பிடுவாங்க. பென்சில் பாக்ஸ்ல ரப்பரே வச்சிக்க மாட்டா, அதனால. அவ டீம்ல நாலு பேரு. இருபத்தாறு இடிச்சதும் மத்த மூணு பேரும், ஏய், ஒரு ரீடிங்கை லேசா தட்டி விடுடி, எல்லாரும் அதைத்தானே பண்றாங்கன்னு கெஞ்சினாங்க. மாட்டேன்னுட்டா. அவங்க வேற புக்குல புதுசா எழுதி சைபர் வாங்கிட்டாங்க. இவ இருபத்தாறைக் கொண்டு போயி ஹெச்ஓடி மேசையில வச்சா. லெவல் எடுக்கத் தெரியாதவளைக் கம்பெனி முன்னாடி உக்கார வச்சா காலேஜ் மானம் போயிடும்னு அவரு இண்டர்வியூ லிஸ்ட்ல பேரை அடிச்சுட்டாரு. பத்து மணிக்கு உங்க எதிர்ல எல்லாரும் வந்து உக்காருவாங்க. அவ வரமாட்டா.

தப்பு அவளோடதாவே இருக்கலாமேன்னு கேக்கறீங்க. நியாயம்தான். இருங்க, அதுக்கு முன்னாடி எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.

நாலு வருஷம் முன்னாடி எங்க தெருவுல புதுசா சாக்கடை கட்டினாங்க. கட்டின இன்ஜினியர் உங்க தலைக்கு மேலதான் போட்டோவுல தொங்கறாரு, கழுத்துல மெடலோட. இந்தக் காலேஜுலயே மொத மார்க். இங்க கேம்ப்ல அவரும் சைபர்தான். அவரு கட்டின சாக்கடையில தண்ணி என்ன பண்ணும் தெரியுமா? கொஞ்ச தூரம் போகும், எதையோ மறந்து வச்சுட்டு வந்த மாதிரி நிக்கும், அப்புறம் திரும்பி எங்க அடுப்படிக்கே வந்துடும். சிரிக்கறீங்க. என் வீட்டுக்காரி சிரிக்கலையே. கையில தொடைப்பத்தோட நின்னு, அந்தப் பிள்ளைக்குக் கம்பு பிடிச்சது நீங்கதானேன்னா. ஆமான்னேன். அப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சுன்னா. கண்ணு சரியாத்தான் இருந்துச்சு மேடம். மரத்தடியில உக்காந்து அவரு அழிச்சு அழிச்சு எழுதினதை எல்லாம் பாத்துச்சு. வாய்தான் திறக்கல.

இங்க வாங்க, ஜன்னல் வழியா பாருங்க. தண்ணித் தொட்டி பக்கத்துல, வெயில்ல. அவதான் ரப்பர். காலையில ஆறு மணிக்கே வந்து மெஷினை வாங்கிட்டுப் போயிட்டா. கம்பு பிடிக்கறது தோட்டக்காரர். ரெண்டு தடவை சுத்தி வந்துட்டா, இப்ப ஒரு எம்எம்தான் இடிக்குதாம். வேற யாரா இருந்தாலும் அப்பாடான்னு மூட்டையைக் கட்டியிருப்பாங்க. இவ, அப்ப அன்னைக்கு இடிச்ச இருபத்தாறு எங்க போச்சுன்னு தேடிட்டிருக்கா. அன்னைக்கு எழுதின புக்கையும் இன்னைக்கு எழுதினதையும் பக்கத்துல வச்சுப் பாத்து, மூணாவது முளைக்கு அப்புறம்தான் எல்லா உசரமும் ஒரே அளவு கொறையுதுன்னு கண்டுபிடிச்சுட்டா. அரை மணி முன்னாடி இங்க வந்து, அண்ணா, மூணாவது முளையில அன்னைக்கு ஏதாவது நடந்துச்சான்னு கேட்டா. எனக்கு வேர்த்துடுச்சு. தெரியலம்மான்னு சொல்லிட்டு முக்காலியை எண்ண ஆரம்பிச்சேன். இருக்கறது ஏழு. பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன்.

ஏன் வேர்க்கணுமா? உங்ககிட்ட ஸ்கேல் இருக்கா மேடம்? ஆங், அது போதும். தப்பா எடுத்துக்காதீங்க, பேப்பரை விரிச்சுத்தான் வைக்கறேன். என் வலது கால் செருப்பு. குதிகால் பக்கம் கனத்தை அளந்து பாருங்க.

எவ்வளவு? ம். அதேதான்.

சாக்கடை வந்த வருஷத்துல இருந்தே இந்த வேலைதான் மேடம். மூணாவது முளைகிட்ட புல்லு உசரம், அடியில என்ன இருக்குன்னு தெரியாது. பசங்க ஒரு ரீடிங்கை எடுத்துட்டு மெஷினைத் தூக்கிட்டு முன்னால நகர்வாங்க இல்ல, அந்த நேரம் பாத்து கம்புக்கு அடியில செருப்பை நுழைச்சுடுவேன். அதே முளையில எடுக்கற அடுத்த ரீடிங் செருப்பு மேல. எவனாவது ஒருத்தன் வந்து, அண்ணா, இடிக்குதுன்னு சொல்வானான்னு பாக்கத்தான். நாலு வருஷம், இருபத்துநாலு டீம், அத்தனையும் சைபர்! வாங்கறப்ப இது முப்பது எம்எம். தேஞ்சு போச்சுங்கறதே எனக்கு அந்தப் பொண்ணு புக்கைப் பாத்துத்தான் தெரியும்.

அழிக்கறவங்களைப் பிடிக்கத்தான் பொறி வச்சேன். மாட்டினது அழிக்காத ஒருத்தி.

இல்ல, யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொத தடவை. நீங்க ஹெச்ஓடிகிட்ட சொன்னா என் வேலை போயிடும். சொல்லலேன்னா அவளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை போயிடும். மணி ஒம்பதே முக்கால். இதுக்கு மேல நான் என்ன சொல்றது?

என்ன மேடம், எழுந்துட்டீங்க? ஏசி ரூம் அந்தப் பக்கம் இல்லையே, அது கிரவுண்டுக்குப் போற வழி... ஓ. சரி சரி. நேரா போங்க, மூணாவது முளைகிட்டதான் நிக்கறா. புல்லுல பாத்து நடங்க.

மேடம்! மேடம், கையில... அது என் செருப்பு!

சரி, இருக்கட்டும், கொண்டு போங்க. அவகிட்டயே காட்டுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் ஒத்தைக் கால்ல நின்னு முக்காலியை எண்ணிட்டிருக்கேன்.