முதல் ஓவர் யாருக்கு

அமீரகத்தின் அல் ஐனில் ஒரு வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர், மேட்ச்சில் மறுபடியும் தோற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் தொழிலாளர் கேம்ப் கிரிக்கெட் டீமின் கேப்டன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. இளையவர் மடியில் பேட்டை வைத்திருந்தார்.

"பௌலிங்குலருந்து முருகேசனைத் தூக்கிடுங்கண்ணே. அவரு தோளு போயிருச்சு," என்றார் இளையவர்.

"சைட்டுல டிரில் மெஷினப் புடிச்சுப் புடிச்சுத்தான்டா போச்சு. முன்னாடி அவன் பந்த எவனாவது தொட்டிருக்கானா?"

"முன்னாடி சரிண்ணே. இன்னைக்குப் பந்து ஸ்டம்பு வரைக்குமே போகலையே! புதுசா வந்த பெங்காலிய எடுங்க. நல்ல வேகம்."



"எடுத்துரலாம்," என்றார் கேப்டன். "ஆனா முருகேசன்கிட்ட யாரு சொல்றது? வாரம் பூரா அவன் சிரிக்கிறதே கிரவுண்டுல மட்டுந்தான்."

"நீங்கதானே கேப்டன்? நீங்களே சொல்லுங்க."

அப்போது கேப்டனின் போன் அடித்தது. "அவன்தான்," என்று சொல்லிவிட்டு எடுத்தார்.

"சொல்லு முருகேசா. பாதியிலேயே ரூமுக்குப் போயிட்டியே, வலி எப்படி இருக்கு? தைலம் போட்டியா? ... ஆமாடா, அடுத்த வெள்ளியும் மொத ஓவர் நீதான் போடுற. வேற யாரு இருக்கா?"

போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்ப அடுத்த வாரமும் தோத்துருவோம்ணே," என்றார் இளையவர்.

"தோத்துருவோம்," என்றார் கேப்டன்.