மீன் கத்தியின்மேல் குற்றமில்லை

என் பெயர் மங்களம். வெள்ளி முலாம் பூசிய கரண்டிகளை ஈரத்தோடு வைக்கலாகாது. கழுவிய கையோடு துடைத்து, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட வேண்டும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலுள்ள எங்கள் வீட்டில் இவ்வேலையை நான் வேறெவரிடமும் ஒப்படைத்ததில்லை.

அது பிரெஞ்சு நாட்டில் செய்யப்பட்ட பழைய விருந்துக் கரண்டித் தொகுதி. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு, தஞ்சோங் பகாரில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். சூப்புக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, மீனுக்கென்றே முனை மழுங்கிய கத்தியும் அகன்ற முள்கரண்டியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. வகுப்பறையில் நான் வாழ்நாளெல்லாம் தேடிய ஒழுங்கு அப்பெட்டிக்குள் இருந்தது.

என் கணவர் சுந்தரேசன் அவற்றுள் ஒரு முள்கரண்டியால் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தார். அதன் பல் ஒன்று வளைந்துவிட்டது. கேட்டதற்கு, விருந்துக்கு வந்திருந்த என் பழைய சக ஆசிரியைகளின் முன்னிலையில் சிரித்தார்.

“அசல் வெள்ளின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா லா. மேலதான் பூச்சு, உள்ள பித்தளை. எங்க டீச்சரம்மா மாதிரியே.”

சுசீலா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கோபப்படவில்லை.

அடுத்த வாரம் எங்கள் திருமண நாள். தேக்கா சந்தையில் முள்ளுவாளை கேட்டேன். உடலெங்கும் மயிரிழை போன்ற முள் நிறைந்த மீன் அது.

“டீச்சர், இதுல முள்ளு ஜாஸ்தி. சதைய மட்டும் வழிச்சுத் தரவா, ஃபிஷ்பால் போடலாம்” என்றார் மீன்காரர் யாக்கூப்.

துண்டு போட்டால் போதும் என்றேன்.

சுந்தரேசனுக்கு மேலும் கீழும் பொய்ப்பல். அண்ணத்தைப் பல்தட்டு மறைத்திருப்பதால் வாய்க்குள் முள் இருப்பது அவருக்குத் தெரியாது. விரலால் தடவித் தடவித்தான் மீன் உண்பார். அன்று மேசையில் வெண்துணி விரித்து, மீன் கத்தியையும் முள்கரண்டியையும் முறைப்படி வைத்தேன்.

“கையால சாப்பிடுறேனே, மங்களம்.”

“இன்னைக்கு ஒரு நாள் எனக்காக. தாரணி போட்டோ எடுக்கிறா பாருங்க.”

எங்கள் மகள் கைப்பேசியை உயர்த்தினாள். கேலி செய்ததற்காக அவர் வருந்தியிருந்தார் போலும். மறுக்காமல் கரண்டியை எடுத்தார்.

சிறிது நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தாரணி ஆம்புலன்ஸ் அழைக்கவா என்று பதறினாள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதையே நான் செய்தேன். அடுக்களையில் வெறுஞ்சோறு ஆயத்தமாக இருந்தது. உருட்டிக் கொடுத்து, மெல்லாமல் விழுங்கச் சொன்னேன். அப்படி விழுங்கினால் முள் இன்னும் ஆழமாகக் குத்தும் என்று முதலுதவி வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்தவள் நான்.

“இன்னொரு உருண்டை” என்றேன். கண்ணீரோடு விழுங்கினார்.

“போயிருச்சுன்னு நெனைக்கிறேன்” என்றார், நன்றியுடன்.

பின்னர் காய்ச்சல் கண்டது. பருவ மாற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தேன். மருத்துவமனையில் சேர்த்தபோது, முள் உணவுக்குழாயைத் துளைத்து நெஞ்சுக்குள் சீழ் கட்டியிருந்தது. அவரைக் காப்பாற்ற இயலவில்லை.

கருமாதிக்கு வந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள், கரண்டிகளைத்தான் ஏசினார்கள்.

“அந்த வெள்ளக்காரன் கரண்டிதான் எமனா வந்துச்சு” என்றார் சுசீலா டீச்சர்.

தாரணி அழுதுகொண்டே, “அம்மா, நாளைக்கு கராங்குனிக்காரர் பழைய சாமான் எடுக்க வருவாரு. அந்தப் பெட்டிய அவர்கிட்ட தூக்கிப் போடப்போறேன்” என்றாள்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீன் கத்தி தட்டின் வலப்பக்கம், தனக்குரிய இடத்தில் இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிப்பது என் வகுப்பில் ஒருநாளும் நடந்ததில்லை.

ஆகவே கராங்குனிக்காரர் வருமுன் காவல் நிலையம் செல்லவிருக்கிறேன். மீனைத் தேர்ந்தெடுத்தவளும் நான். சோற்றை உருட்டிக் கொடுத்தவளும் நான். பெட்டியையும் உடன் கொண்டுசெல்கிறேன். துடைத்து வைக்கும் முறையை அதிகாரிகளுக்கு விளக்கிச் சொல்வேன். அவர் வளைத்த அந்த முள்கரண்டியை மட்டும் நிமிர்த்தப்போவதில்லை. குற்றவாளி யார் என்பதை அவர்களும் பார்க்கட்டும்.