கும்பிடுபூச்சி சைக்கிளுக்கு மாலை வேண்டாம்

இந்த மலைச் சைக்கிள் பந்தயத்துக்குத் தலைமை ஏற்று, உச்சி வெயிலிலும் நடு நாற்காலியை விட்டு நகராமல் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய சின்னப்பராஜ் ஐயா அவர்களே! காலையிலிருந்து ஒவ்வொரு சைக்கிளையும் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, ஏறிக் குதித்துப் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று முடிவு சொன்ன பரிசோதகர் தமிழ்மணி தம்பி அவர்களே! ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முழங்காலுக்குக் கவசம் கட்டி வந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே! டிராக்டரில் வந்து டிராக்டரிலேயே உட்கார்ந்துகொண்ட பெரியவர்களே! பாலக்கோட்டு மண்டியில் என்னோடு தக்காளி தரம் பிரிக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் தீர்த்தம்மாளின் வணக்கம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்கம்மா" என்று சொல்லித்தான் இந்த மைக்கைக் கொடுத்தார்கள். ரெண்டு வார்த்தையில் இறங்குவதாக இல்லை. முன்னாடியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பக்கத்தில் மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்களே, இந்தச் சைக்கிள், இது என் வீட்டுக்காரர் செய்தது. அவர் பெயர் மாதவராஜ். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். இன்றைக்கு மைக்கிலேயே சொல்கிறேன், மாதவராஜ்! டிராக்டர் டிப்பருக்கும் கலப்பைக்கும் வெல்டிங் வைத்த கையால் இதைச் செய்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

இன்றைக்கு இந்தச் சைக்கிளை ஓட்டுவதற்காக, காரிமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் ஜெயராணி, இருபத்தேழாம் நம்பரை முதுகில் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். காலையில் தமிழ்மணி தம்பி இதன்மேல் ஏறி உட்கார்ந்தார். குதித்தார். "பின்னாடி கல்லு மாதிரி இருக்குங்க. வடிவமும் என்னமோ மாதிரி இருக்கு. மலையில எறக்க முடியாது" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "அண்ணன் ஞாபகமா மேடையில மாலை போட்டு வெச்சிரலாங்க்கா" என்றார்.

நல்ல மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐயா, மாலை போடவா இதைச் செய்தார்? மேடையில் நிறுத்தவா மூன்று வருஷம் தூக்கத்தைத் தொலைத்தார்? மாலை போட்ட படம் ஒன்று என் வூட்டில் இருக்கிறது. ஒரு வூட்டுக்கு ஒரு மாலை போதும்!

யாரது சிரிக்கிறது? கோவிந்தம்மா அக்காவா? சிரிங்க அக்கா. இந்தச் சைக்கிளைப் பார்த்து முதலில் சிரித்தவளே நான்தான். முன்னால் கூனல், நடுவில் திமில், பின்கால் மடக்கி நிற்கிறது. "ஏங்க, இது என்னாங்க, கும்பிடுபூச்சிக்கு டயர் மாட்டின மாதிரி?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கும்பிடுபூச்சி எத்தன தடவ கீழ வுழுந்து பாத்திருக்கற?" என்று திருப்பிக் கேட்டார். இன்று வரை எனக்குப் பதில் தெரியாது!

குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷாக்கை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வைத்த சைக்கிள் கடையில் கிடைக்காமலா இருக்கிறது? கிடைக்கிறது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வார்ப்பு. எல்லாரும் செய்கிற மாதிரி செய்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கரடு எல்லா மலையும் மாதிரியா இருக்கிறது? எங்கள் கல்லு மற்ற கல்லு மாதிரியா இடிக்கிறது?

சரி, நல்ல பிரேம் எது, கெட்ட பிரேம் எது என்று இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தக்காளி தெரியும்! சீட்டுக்குப் பின்னால், மேல் பிரேமோடு சேர்த்து ஒரு தாங்கி வைத்தார். அதில் ஒரு கிரேட், அதான் மண்டிப் பிளாஸ்டிக் பெட்டி, நிறையத் தக்காளியைக் கட்டிக்கொண்டு கரட்டு உச்சியிலிருந்து இறங்குவார். நான் கீழே நிற்பேன். வந்ததும் கிரேட்டைக் கொட்டி, எத்தனை பழம் உடைந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வேன். அதுதான் எங்கள் பரிசோதனை. அதுதான் எங்கள் பட்டம், படிப்பு, பல்கலைக்கழகம்!

முதல் தடவை இறங்கினார். எண்ணினேன். ரெண்டே பழம். மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். நான் ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒட்டுப் பழம்! லாரியில் சென்னை வரைக்கும் போனாலும் நசுங்காத தோல்! "ஏங்க, இத மாடியில இருந்து போட்டாலும் ஒடையாதுங்க. நாட்டுப் பழம் கட்டிப் பாருங்க" என்றேன். மறுநாள் நாட்டுத் தக்காளி கட்டினார். எண்பத்து மூன்று! கிரேட்டைக் கொண்டுபோய் நேராக ரசம் வைத்திருக்கலாம்!

அந்த முதல் பிரேமில், பெடலை, பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடுகிற இரும்புக் கையிலேயே வைத்திருந்தார். உட்கார்ந்து ஓட்டினால் மெத்தை. ஆனால் மலை இறங்கும்போது யார் உட்கார்ந்து இறங்குகிறார்கள்? எழுந்து பெடல்மேல் நின்றால், உடம்புப் பாரமெல்லாம் பின் கையிலேயே இறங்கி, ஷாக் பூட்டிக்கொண்டது. என் அபிப்பிராயம் கேட்டால், அது நின்றால் முறைக்கிற, உட்கார்ந்தால் சிரிக்கிற மாமியார் பிரேம்.

இரண்டாவது, பழைய வேனின் பட்டை ஸ்பிரிங்கை வெட்டி, அச்சே இல்லாமல் பின் கை முழுவதையும் வளைகிற மாதிரி செய்தார். பார்க்க அழகு. எடையும் குறைவு. மேலே கீழே நன்றாகத்தான் ஆடியது. கூடவே இடமும் வலமும் கன்றுக்குட்டி வால் மாதிரி ஆடியதே! ஐம்பத்தொன்று. ஒரு முள்வேலியும் அதில் சேர்த்தி.

மூன்றாவதுதான் இந்தக் கும்பிடுபூச்சி. எல்லாரும் பின் கை ஆடுகிற அச்சைப் பெடல் பக்கத்தில் வைப்பார்கள். இவர் ஒரு சாண் மேலே தூக்கி வைத்தார். ஏன் வைத்தார்? கேளுங்கள். சந்தைக் கூட்டத்தில் எதிரே ஒருவர் மூட்டையோடு வந்து இடித்தால் என்ன செய்வோம்? நின்ற இடத்திலேயே குதிப்போமா? ஓரடி பின்னால் ஒதுங்கி வழி விடுவோம்! கல்லும் அப்படித்தான் எதிரே வந்து இடிக்கிறது. சக்கரம் மேலே போனால் மட்டும் போதாது, கொஞ்சம் பின்னாலும் ஒதுங்க வேண்டும். அச்சு உயர்ந்தால் சக்கரம் ஒதுங்குகிறது. இதுதான் ஐயா ரகசியம், இதுதான் இந்தக் கோணலுக்குள் இருக்கும் நேர்மை!

சக்கரம் பின்னால் போனால் செயினை இழுக்காதா? இழுத்தது. பெடல் உதைத்து அவர் கணுக்கால் வீங்கியது. அதற்குத்தான் இதோ, அச்சுப் பக்கத்தில் இந்தக் குட்டிப் பல்சக்கரம். செயின் அதன்மேல் ஏறிப் போகிறது. உதை நின்றது. முதல் நாளே பதினொன்று! எண்பத்து மூன்று எங்கே, பதினொன்று எங்கே!

குறை இல்லையா? இருக்கிறது. மேடு ஏறும்போது பாரம். குட்டிச் சக்கரம் கறகறவென்று அம்மி அரைக்கிற மாதிரி சத்தம் போடும். எண்ணெய் விடாவிட்டால் தெரு நாயெல்லாம் பின்னால் வரும். என் வீட்டுக்காரர் செய்தது என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன். மறைத்து விற்க இது அடியில் அழுகலைப் போட்டு மேலே நல்லதை அடுக்கிய கிரேட் இல்லை.

அப்படியானால் காலையில் ஏன் கல்லாக இருந்தது? தமிழ்மணி தம்பி சொன்னது பொய்யா? பொய் இல்லை. தவறு எங்களுடையது! மூன்று வருஷமும் தக்காளிக் கிரேட்டோடுதானே ஓட்டிப் பார்த்தோம்? அவர் எழுபது கிலோ, கிரேட் இருபத்தைந்து கிலோ. அந்தப் பாரத்துக்குத்தான் ஷாக்கில் காற்று அடித்து வைத்திருந்தார். கிரேட்டைக் கழற்றினோம், காற்றை இறக்க மறந்தோம்! ஒல்லியான தம்பி ஏறினால் அது எப்படி இறங்கும்? எனக்கே இந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பொறி தட்டியது. மேடைக்குப் பின்னால் கொண்டுபோய், அவருடைய பம்பை மாட்டி, காற்றழுத்த முள்ளை நூற்றெண்பதிலிருந்து நூற்று இருபதுக்கு இறக்கியிருக்கிறேன். ஜெயராணி எடைக்கு அது போதும்.

தம்பி, மேலே வாங்க. கூச்சப்படாதீங்க. இதோ, மாலையை எடுத்துவிட்டேன். ஏறுங்க. எல்லார் முன்னாலயும் குதிங்க!

பார்த்தீர்களா? பார்த்தீர்களா தாய்மார்களே! கல்லா இது? என்ன தம்பி, வாய்க்குள்ளேயே சொல்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்!

"எறங்குதுங்க்கா. நல்லாவே எறங்குது. நானே ஓட்டலாம்போல இருக்கு."

அது நடக்காது தம்பி, நம்பர் ஜெயராணி முதுகில் இருக்கிறது!

தலைவர் ஐயா, பரிசோதகர் சொல்லிவிட்டார். இனி உங்கள் வாய் வார்த்தைதான். முதல் பரிசு கேட்கவில்லை. மூன்றாம் பரிசு கேட்கவில்லை. கடைசியாக வந்தாலும் சரி, இது இந்த மலையில் இறங்க வேண்டும். ஐயா தலையை ஆட்டுகிறார்! கையெழுத்துப் போடப் பேனா கேட்கிறார்! யாராவது பேனா கொடுங்கள்! ஜெயராணி, ஹெல்மெட்டை மாட்டம்மா!

கைதட்டினது போதும். கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கும் கரட்டிலிருந்து இறங்கினார். வண்டியை நிறுத்தினார். "எண்ணு புள்ள" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வரப்பில் உட்கார்ந்தார். எண்ணினேன். என்னாலேயே நம்ப முடியவில்லை. "எவ்வளோ?" என்றார். "பொறுங்க, இன்னொரு தரம் எண்ணிக்கறேன்" என்றேன். கொஞ்சம் தவிக்க விடலாம் என்கிற குறும்பும் இருந்தது. இரண்டாம் தரம் அடி வரைக்கும் எண்ணி, சிரித்துக்கொண்டே திரும்பினேன். வரப்பில் சாய்ந்திருந்தார். கேட்க ஆள் இல்லை.

சைக்கிள்தான் ஆளைக் கொன்றது என்று ஊரில் பேசினார்கள். டாக்டர் இதயம் என்றார். எனக்கு அந்த வழக்கு வேண்டாம். முதல் தரமே சொல்லியிருந்தால் காதில் வாங்கிக்கொண்டு போயிருப்பாரே, அது ஒன்றுதான் என்னை அரிக்கிறது.

ஜெயராணி, சீட்டுக்கு அடியில் ஒரு பை கட்டியிருக்கிறேன். அதில் அஞ்சு நாட்டுத் தக்காளி. கீழே, முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். இந்தத் தடவை ஒரே தரம்தான் எண்ணுவேன். எண்ணின உடனே சொல்லிவிடுவேன்.

பேச விட்ட தலைவருக்கும், ஏறிக் குதித்த தம்பிக்கும், மண்டி வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்களுக்கும், சிரித்தவர்களுக்கும் சேர்த்தே என் நன்றி. இன்னும் ஒரே ஒருவருக்குப் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இந்த மைக் கரடு வரைக்கும் கேட்கும் என்றார்கள்.

ஏங்க... ஒண்ணுகூட ஒடையலைங்க.

வணக்கம்.